கூலியும் காணிக்கையும்

(அறநிதியின் ஆண்டு ஒன்றுகூடலில், ஆயர் குரோவில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நின்று பேசுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். சென்ற ஆண்டு மலரை எடுத்துப் பாருங்கள். அட்டையில் இருக்கும் கோபுரத்தையும் உள்ளே விளம்பரப் பக்கங்களையும் ஒழுங்கு செய்தவன் நான். மலரில் வேலை செய்பவன் மலரின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் வழக்கம். செயலவையினர் என்னை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். "வேலை போனபின் சொந்தத் தொழிலில் முன்னுக்கு வந்த கதையைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்" என்றார்கள். முன்னுக்கு வந்தேனா என்பதை என் துணைவியாரிடம்தான் கேட்க வேண்டும். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அதில் சிலது உங்களுக்குச் சற்று உறுத்தலாக இருக்கலாம். பொறுத்தருள வேண்டும்.

2009 முதல் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் ஒரு பெட்டி அச்சிடும் நிறுவனத்தில் வடிவமைப்பாளனாக இருந்தேன். பிஸ்கட் பெட்டி, மருந்துப் பெட்டி, சவர்க்கார உறை என்று பதினோரு ஆண்டுகள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. ஜூன் மாதத்தில் எங்கள் பிரிவில் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. சட்டப்படி என்ன கொடுக்க வேண்டுமோ அதைக் கொடுத்தார்கள். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம். என் அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி. பதினோரு ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 13,700 வெள்ளி வந்தது. அந்நாளில் அந்தப் பாதுகாப்பு 2,000 வெள்ளிக்குட்பட்ட சம்பளக்காரர்களுக்குத்தான். 2023இல்தான் வரம்பு 4,000 ஆனது. என் சம்பளம் குறைவாக இருந்ததே எனக்கு உதவியது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சொக்சோவில் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதுதான். வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30 என்று, சந்தாக் கணக்கைப் பொறுத்து ஆறு மாதம் வரை கிடைக்கும். என்னோடு வெளியேறிய ஐவரில் இருவர் வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பிக்கவே இல்லை. நம் சொந்தப் பணத்தை வாங்குவதற்கு என்ன வெட்கமோ தெரியவில்லை.

வேலை போனது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. என் தந்தையார் ஜாசின் வட்டாரத்தில் பால் வெட்டியவர். தொண்ணூறுகளில் தோட்டம் விற்பனையாகி வீடமைப்புத் திட்டமானபோது அவருக்கு வேலையோடு வீடும் போயிற்று. லயத்தில் இருந்தவர்களுக்கு அப்படித்தான். எனக்கு வேலை மட்டும்தான் போனது. இந்த மலாக்கா மண்ணிலேயே, 1967இல், புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பிழைப்பைக் காப்பாற்றக் கோரி கோலாலம்பூர் வரை கால்நடையாகவே போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்தக் காலத்தில்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அவர்கள் பட்டதோடு ஒப்பிட்டால் என் கதை மிகச் சிறியது. மேசை, நாற்காலி, கணினி, மின்விசிறி எல்லாம் என்னிடம் இருந்தன.

ஆனால் என் தந்தையாருக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரத்தைச் சீவி, மங்கில் பால் ஊறக் காத்திருந்து, வாளியில் சேர்த்துக் காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தராசு இருக்கும். கிராணி நிறுப்பார். நிறுத்துவிட்டு மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். பிறகுதான் பேரேட்டில் எழுதுவார். அப்பா அந்த எண்ணைப் பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. எண் மட்டும் தெரியும். கூலி போதவில்லை என்று பல நாள் பேசியிருக்கிறார். கூலி எவ்வளவு என்று தெரியாமல் ஒரு நாளும் வீடு திரும்பியதில்லை.

நானோ முதல் ஒன்றரை ஆண்டு எடையே போடாமல் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் வேலை ஒரு கோயில் திருவிழா பதாகை. தெரிந்தவர் ஒருவர் அழைத்தார். "எவ்வளவு தம்பி?" என்றார். "கொடுப்பதைக் கொடுங்கண்ணே" என்றேன். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பிற்பாடு கணக்குப் பார்த்தேன். பதாகைக்குப் பிறகு துண்டறிக்கை, உபயதாரர் பட்டியல், நன்றிக் கடிதம், அன்னதானக் கூப்பன் என்று வந்துகொண்டே இருந்தன. உபயதாரர் பட்டியலில் ஒருவர் பெயருக்கு முன்னால் "டத்தோ" விட்டுப்போயிற்று என்று இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி. கடைசியில் ஒரு சால்வை, பிரசாதத் தட்டு, கையில் 150 வெள்ளி கிடைத்தன. சால்வையை நான் குறைவாகச் சொல்லவில்லை. அன்று என் தாயார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் அந்த வேலைக்கு எனக்கு முப்பது மணி நேரம் பிடித்தது. மணிக்கு ஐந்து வெள்ளி. 2020இல் நகராண்மைப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,200, மணிக்கு 5 வெள்ளி 77 காசு. என்னை நானே சட்டத்துக்குக் கீழே வேலை வாங்கியிருக்கிறேன்!

ஏன் இப்படி? வடிவமைப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. நம் ஊர்களில் அச்சுக்கடைக்காரர்கள் பதாகையைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். துணிக்கும் மைக்கும் விலை உண்டு. "டிசைன் இலவசம்" என்று வாசலிலேயே பலகை இருக்கும். துணிக்குக் காசு, எழுத்துக்குக் காசில்லை. இலவசம் என்பதால் எப்படிச் செய்கிறார்கள் என்றும் பாருங்கள். கடையில் கணினி முன்னால் இருக்கும் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். புள்ளி தொலைந்துபோகும். "அம்மன்" என்பது "அமமன" ஆகி இருபது அடி நீளத்துக்கு ரோட்டோரம் தொங்கும். நம் பெரியவர்கள் காரை நிறுத்திப் பார்த்துவிட்டு, தமிழ் அழிகிறது என்று வருத்தப்படுவார்கள்.

திரையில் தெரியும் குங்குமச் சிவப்பு வேறு, அச்சில் வரும் சிவப்பு வேறு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. மெஜந்தாவும் மஞ்சளும் முழு அளவில் சேர்ந்தால்தான் குங்குமம் குங்குமமாக வரும். நீலம் சற்றுக் கலந்துவிட்டால் செங்கல் நிறம். ஒரு முறை ஒரு செயலவை உறுப்பினர் தம் மருமகனிடம் செலவில்லாமல் அட்டை செய்து வாங்கினார். ஓரத்தில் வெட்டுக்கென்று மூன்று மில்லிமீட்டர் விட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஆயிரம் பிரதியிலும் கோபுரத்தின் கலசம் வெட்டுப்பட்டுவிட்டது. கும்பாபிஷேக மலர்! இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. கணினியே வரைந்து கொடுத்த சாமி படம் என்று கொண்டுவருகிறார்கள். பார்க்க ஜொலிக்கிறது. முருகன் கையில் இருப்பது வேலா, ஈட்டியா, கரண்டியா என்று தெரியவில்லை.

தமிழைப் பிழையில்லாமல் அச்சேற்றத் தெரிவதுதான் என் கையில் இருந்த முதல். பெட்டி அச்சிட்ட இடத்தில் அதற்கு வேலையே இருந்ததில்லை. இதில் நம் நாட்டவர் ஒருவரை நன்றியோடு குறிப்பிட வேண்டும். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் அவர்கள். ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொரு கணினியில் குப்பையாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு. அந்தச் சிக்கலோடு பல்லாண்டு போராடியவர்களில் அவர் முக்கியமானவர். அவர் வரைந்த இணைமதி எழுத்துரு 2004இல் ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. மலேசியத் தமிழர் வரைந்த எழுத்து உலகமெங்கும் போயிருக்கிறது. நானும் அந்த எழுத்தை வைத்துப் பிழைத்திருக்கிறேன்.

இனி, எனக்கு முன்னோடியான ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரை உங்களுக்குப் பெயரால் தெரியாதிருக்கலாம்; அவருடைய வேலை தெரியும். எங்கள் லயத்து வீட்டில் பூசை மாடம் என்று தனியாகக் கிடையாது. சுவரில் ஆணியடித்து மாட்டிய காலண்டர் படங்கள்தாம் பூசை. ஆண்டு முடிந்தாலும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொள்வார்கள். மீனாட்சி திருக்கல்யாணம், வள்ளி தெய்வானையோடு முருகன், லட்சுமி. வட்ட முகம், பெரிய கண், பின்னால் மலையும் குளமும். அந்தப் பாணிக்கு மூலவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்தவர், சென்னையில் முறையாக ஓவியம் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் திரைச்சீலை தீட்டும் வேலை. 1940களில், கோவில்பட்டியில் முகாம் இட்டிருந்தபோது, கம்பெனி கலைந்துபோயிற்று.

யோசித்துப் பாருங்கள். சொந்த ஊர் அல்ல. கம்பெனி இல்லை. திரைச்சீலைக்கு இனி யார் காசு கொடுப்பார்கள்? அவர் ஊர் திரும்பவில்லை. கூட இருந்த சீடர்களோடு கோவில்பட்டியிலேயே தங்கி, புகைப்பட நிலையம் வைத்து, ஊருக்கு என்ன தேவையோ அதைச் செய்தார். பக்கத்தில் சிவகாசி. அங்கே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து தொடங்கியிருந்தார்கள். தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் வேண்டும், ஒட்டுத்தாளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் அது சும்மா இருக்க முடியாது, காலண்டர் வந்தது. காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். சாமி படத்துக்குக் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்கள் டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. இராமலிங்கம் ஆகியோரும் இருந்தார்கள். அந்தப் படங்களில் பின்னால் தெரியும் மண்டபமும் தோட்டமும் திரைச்சீலைக் காலத்துக் கைப்பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாடகம் போனாலும் நாடகத்தில் கற்றது போகவில்லை. 1976இல் அவர் மறைந்தார். அதன்பின்னும் அவர் வழி வந்த படங்கள் நம் வீடுகளில் தொங்கின.

இவரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தெம்பு வந்தது. பெட்டி செய்தவனுக்கு மடிப்பு எங்கே விழும், எந்தத் தாள் எப்படி மை குடிக்கும் என்று தெரியும். அதை வைத்துக் கல்யாண அழைப்பிதழ் உறைகளையும் தீபாவளிப் பலகாரப் பெட்டிகளையும் செய்யத் தொடங்கினேன். அவைதாம் இன்றுவரை எனக்குச் சோறு போடுகின்றன.

ஆனால் கொண்டையராஜு காலத்து வழக்கம் ஒன்று எனக்கு எச்சரிக்கையாகவும் இருந்தது. ஓவியத்தை அச்சகம் ஒரு தொகைக்கு வாங்கிக்கொள்ளும். பிறகு எத்தனை இலட்சம் அச்சிட்டாலும் ஓவியருக்கு அந்த ஒரு தொகைதான். இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவைப் பாருங்கள். ஒருவர் சொல்லிச் செய்யவைத்த வேலையின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், சொன்னவருக்கே போய்ச் சேரும். ஆகவே உடன்பாட்டை எழுத வேண்டும். எழுதாதவனுக்குச் சட்டம் கை கொடுக்காது.

2021 இறுதியில் ஒரு நாள் நானும் துணைவியாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீட்டுச் செலவு 2,600. சேமநிதி, காப்புறுதிக்கு 400. மென்பொருள், இணையம், மின்சாரம், கணினி பழுதானால் மாற்றுவதற்கு 500. ஆக, மாதம் 3,500 வேண்டும். ஒரு மாதத்தில் உண்மையாகக் காசாகும் வேலை நேரம் எவ்வளவு? நான் 190 மணி என்றேன். அவர் சிரித்தார். "நீங்க பாதி நேரம் போன்லதானே இருக்கீங்க" என்றார். உண்மைதான். வேலை தேடுவது, திருத்தம் கேட்பது, பாக்கி கேட்பது எல்லாம் போனால் 90 மணிதான் மிச்சம். வகுத்துப் பார்த்தோம். மணிக்கு 40 வெள்ளிக்குக் குறைந்தால் குடும்பம் ஓடாது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டினார். அதுதான் என் தராசு.

அதன்பிறகு சில ஒழுங்குகள் வந்தன. விலையை எழுத்தில் கொடுப்பேன். பாதி முன்பணம். மூன்று முறை திருத்தம். நான்காவதற்குத் தனிக் கட்டணம். மீதிப் பணம் வந்தபின் கோப்பு. நிறுவனப் பதிவகத்தில் கடைப் பெயரைப் பதிந்தேன். ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரில் என்றால் 30. வங்கியில் தனிக் கணக்கு. சேமநிதிக்கு இப்போது முதலாளி இல்லை, நானேதான் போட வேண்டும். ஐ-சாரான் திட்டத்தில் போட்டால் அரசாங்கமும் கொஞ்சம் சேர்க்கிறது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்படி நாம் போடுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. சுயதொழில் செய்வோருக்கென்று சொக்சோவில் தனிச் சட்டமும் 2017 முதல் உண்டு. வருமான வரிக்கு 'பி' பாரம், கணக்குச் சீட்டுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு இதெல்லாம் சலிப்பாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

கடைக்காரர்களிடமும் கல்யாண வீட்டாரிடமும் விலை சொல்லப் பழகிவிட்டேன். முதல் மூன்று முறை நாக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு சரியாயிற்று. கோயிலிடம் சொல்வதுதான் முடியவில்லை. நம் பகுதியில் தைப்பூசம், மாசி மகம், ஆடி, நவராத்திரி என்று வேலை வரிசையாக வரும். செங் சன்னாசிமலைக்கு மாசி மகத்தன்று தேர் போகிறதே, அந்தச் சமயத்தில் தண்ணீர்ப் பந்தல் பதாகை கேட்பவர்கள் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள். அப்பாவின் தோட்டத்துக்காரர்கள், பள்ளிக்கூட நண்பர்கள், மாமன் மச்சான். "கோயில் வேலைதானே தம்பி" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் 40 வெள்ளி நிற்காது.

கடைசியில் ஒரு வழி கண்டேன். விலைச்சீட்டில் முழு விலையையும் எழுதுவேன். மலர் 48 பக்கம், முப்பது மணி நேரம், 1,200 வெள்ளி. அதற்குக் கீழே இன்னொரு வரி: காணிக்கை, கழிவு 500 வெள்ளி. தர வேண்டியது 700. இவ்வளவுதான். நான் கொடுக்காமல் இல்லை. கொடுப்பது எவ்வளவு என்று எனக்கும் தெரிய வேண்டும், கோயிலுக்கும் தெரிய வேண்டும்.

2022இல் ஒரு கோயில் பொருளாளரிடம் இப்படி ஒரு சீட்டைக் கொடுத்தேன். எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மன்கிட்டேயே கணக்குப் பார்க்கிறியா?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, சும்மாவே செய்துதருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அந்த நேரத்தில் அவர் மேசையில் இருந்த மற்றச் சீட்டுகள் கண்ணில் பட்டன. நாதஸ்வரம், தவில். பூமாலைக்காரர். கெமா, நாற்காலி வாடகை. ஒலிபெருக்கி. சமையல். எல்லோருக்கும் ஒரு தொகை இருந்தது, எல்லோரும் பக்தர்கள்தாம். நான் ஒன்றும் பேசாமல் சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அந்த வேலை எனக்கு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. அந்த இரண்டு திருவிழாவிலும் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். மனம் வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

2024இல் அந்தக் கோயிலில் புதிய நிர்வாகம் வந்தது. செயலாளர் ஓர் ஆசிரியை. பழைய கோப்பில் என் சீட்டு இருந்ததாம். அழைத்தார். "உங்கள் காணிக்கை 500 வெள்ளியைக் கணக்கறிக்கையில் நன்கொடைப் பக்கத்தில் போடலாமா?" என்று கேட்டார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. பழைய பொருளாளர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் திருநீற்றைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. நாற்பது ஆண்டு தம் கைப்பணத்தைப் போட்டுக் கோயிலைக் காப்பாற்றியவர். தாம் கணக்குப் பார்க்காமல் கொடுத்தவர், மற்றவரும் அப்படியே கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். அவருக்கு ஓய்வூதியம் இருந்தது என்பதை அவர் மறந்துவிட்டார்.

நன்கொடையாளர்களே, உங்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். இந்த அறநிதி பிள்ளைகளின் மேற்கல்விக்கு உதவுகிறது. அவர்களில் சிலர் வடிவமைப்பும் அசைபடமும் படிக்கிறார்கள். படித்து முடித்து வரும்போது அவர்களுக்கு முதலில் வேலை கொடுக்கப்போவது யார்? நாம்தான். நம் கடை, நம் கல்யாணம், நம் கோயில். படிப்புக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்த கையே, "சின்ன வேலைதானே, சும்மா செய்துகொடு" என்று சொன்னால், கொடுத்ததை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டதாக ஆகாதா?

இதைச் சொல்ல எனக்கு முழு யோக்கியதை இல்லை. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற ஆண்டு வேலை அதிகமாகி, ஒரு மாணவியை உதவிக்கு அழைத்தேன். உபயதாரர் பக்கங்கள் பதினாறையும் நேர்த்தியாகச் செய்து கொடுத்தார். எனக்கு வரவேண்டிய பணம் ஓரிடத்தில் இழுத்துக்கொண்டே போனது. நானும் அவருக்குக் கொடுக்காமல் இழுத்தேன். ஏழு வாரம். ஒரு நாள் அவர் தொலைபேசியில் மரியாதையாகத்தான் கேட்டார்: "அண்ணே, அவங்க உங்களுக்குக் கொடுக்கிற வரைக்கும் எனக்குக் கொடுக்கமாட்டீங்களா?" கணினிக்கு மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். அதில் எனக்கான எண் இருந்தது, அந்தப் பிள்ளைக்கு எண் இல்லை. அன்று மாலையே வங்கியில் போட்டுவிட்டு, மன்னிப்பும் கேட்டேன்.

இந்த ஆண்டு மலருக்கும் அவரையே கேட்டேன். மறுநாள் விலைச்சீட்டு அனுப்பினார். பாதி முன்பணம், மூன்று திருத்தம், கடைசியில் காணிக்கை என்று ஒரு வரி, அதில் 50 வெள்ளி கழிவு. என் சீட்டைப் பார்த்துச் செய்ததுதான், ஆனால் என்னுடையதைவிட எழுத்து அழகாக இருந்தது. முன்பணத்தை அன்றே அனுப்பிவிட்டேன். மலரின் வரவு செலவுப் பக்கத்தில் அந்த 50 வெள்ளியும் அவர் பெயரில் நன்கொடையாக வர வேண்டும் என்று செயலவையிடம் கேட்டிருக்கிறேன். தலைவர் தலையசைத்திருக்கிறார்.